எல்லாருக்கும் போன பத்திரிகை

பூதலூரில் காலை ரயிலைப் பிடித்துத் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். என்ன வேலை என்று ரயிலில் யாராவது கேட்டால், சொல்லிப் புரியவைப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் மெயில் எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்பேன். “தபால் பிரிவா?” என்பார்கள். இல்லை, கம்ப்யூட்டரில் வருகிற மெயில் என்றால், அடுத்த நொடி ஒரு போன் என் மூக்குக்கு நேரே நீளும். “இது சார்ஜே ஏறமாட்டேங்குதும்மா, கொஞ்சம் பாரேன்.” எரிச்சலாக இருக்கும். பார்த்தும் கொடுப்பேன்.

என் வேலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் என் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவர் விவசாயம் செய்கிறார். “நீ பாக்குறது லஸ்கர் வேலை” என்றார். வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆளை எங்கள் பக்கம் லஸ்கர் என்போம். “தண்ணி ஒழுங்கா பாயுற வரைக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கான்னே யாருக்கும் தெரியாது. பாயலைன்னா மட்டும் ஊரே தேடிக்கிட்டு வரும்.” அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

ஆசிரியர்கள், அலுவலகம், விடுதி, மாணவர்கள் என்று எங்களிடம் ஆயிரக்கணக்கான மெயில் பெட்டிகள் இருக்கின்றன. பாஸ்வேர்டை மறந்தவர்கள்தான் காலையில் முதலில் வருவார்கள். தாங்கள் மறக்கவில்லை, கம்ப்யூட்டர்தான் மாற்றிவிட்டது என்று சாதிப்பார்கள். துறைத்தலைவர் ஒருவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு மெயிலைக்கூட அழித்ததில்லை. பெட்டி நிரம்பிவிட்டது சார், கொஞ்சம் காலி பண்ணுங்கள் என்றால், அவர் வயலில் பாதியை எழுதிக் கேட்டுவிட்டது போல என்னைப் பார்ப்பார்.

இத்தனை பெட்டிகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு முகவரி உண்டு. அதற்கு அனுப்பினால் எல்லாருக்கும் போகும். முன்பெல்லாம் அதை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டிருந்தார்கள். டிபன் கேரியரைத் தொலைத்தவர் எழுதுவார். கார் விளக்கை அணைக்காமல் போனவரைத் திட்டி ஒருவர் எழுதுவார், அவருக்குக் கார்க்காரர் பதில் எழுதுவார். நான் பொறுப்புக்கு வந்த கையோடு அதற்குப் பூட்டுப் போட்டேன். பதிவாளர் அலுவலகம், விடுதி, தேர்வுப் பிரிவு, இவர்கள் மட்டும் அனுப்பலாம், வேறு யாரும் கூடாது. ஆனால் அப்படி வந்த மெயிலுக்குப் பதில் எழுதுகிறவர்களைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. தேர்வு அட்டவணைக்கு யார் பதில் எழுதப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருப்பவரை எல்லாரும் அக்கா என்போம். பதிவாளரே ஒரு முறை வாய் தவறி அக்கா என்று கூப்பிட்டிருக்கிறார். அந்த வருஷம் அக்காவின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். ஆடி மாதத்தில் பத்திரிகை வைக்கக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக இருந்துவிட்டார். ஆடி முடிந்தால் கையோடு முகூர்த்தம், நடுவில் அரியர் தேர்வு வேறு. அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், கல்யாணத்தை ஒட்டித்தான் வந்து சேருவார். தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடுகளுக்கு ஏறி இறங்கவே அக்காவுக்கு நேரம் போதவில்லை. அலுவலகத்தில் யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது? ஒருவரை விட்டால் ஆயுசுக்கும் மனத்தாங்கல்.

ஆவணி பிறந்த இரண்டொரு நாளில், காலையில் நான் வந்து உட்கார்ந்ததும் என் பெட்டியில் அந்த மெயில் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய பத்திரிகையை அப்படியே ஸ்கேன் செய்து, பெரிய படமாக மெயிலுக்குள் ஒட்டியிருந்தார் அக்கா. கீழே, “நேரில் வந்து அழைத்ததாகவே எண்ணி அனைவரும் குடும்பத்துடன் வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறேன்” என்று எழுதியிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. தினமும் மத்தியானம் என் டப்பாவிலிருந்து ஊறுகாய் எடுக்கிற அக்கா, எனக்குக் கூடவா நேரில் வைக்க மாட்டார்? இரண்டு வாய் காப்பி குடித்த பிறகுதான், யாருக்கு அனுப்பியிருக்கிறார் என்று மேலே பார்த்தேன். காப்பி புரையேறியது.

பத்திரிகையை வாங்குகிறவர் சும்மா வாங்கிக்கொண்டு போவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. உட்கார்ந்திருந்தால் எழுந்திருக்க வேண்டும், இரண்டு கையாலும் வாங்க வேண்டும், “அவசியம் வந்துடுறோம்” என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். மெயிலில் எழுந்திருக்க முடியாது. ஆகவே எல்லாரும் பதில் போட்டார்கள். அக்காவுக்கு மட்டும் போட்டால் அவருக்கு மட்டும்தானே தெரியும்? நான் வருகிறேன் என்று சொன்னது நாலு பேருக்குத் தெரிந்தால்தான் மரியாதை. எல்லாருக்கும் பதில் என்ற பொத்தானை அழுத்தினார்கள். ஒவ்வொரு பதிலோடும் அந்த மஞ்சள் தடவிய பெரிய படமும் ஒட்டிக்கொண்டு எல்லாப் பெட்டிக்கும் போனது.

“அவசியம் வருகிறோம்.” “குடும்பத்துடன் வருகிறோம்.” “மாமியாருக்குக் கண் ஆபரேஷன், நான் மட்டும் வருகிறேன்.” பிறகு மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். விடுதியிலிருந்து ஒருவன், “ஆன்ட்டி, பஸ் ஏற்பாடு உண்டா?” என்றான். இன்னொருவன், “காலைப் பந்தியா மத்தியானப் பந்தியா, எது பெட்டர்?” என்று கேட்டதற்கு வேறு பத்துப் பேர் பதில் சொன்னார்கள். பொறுக்க முடியாத ஒரு பேராசிரியர், “தயவுசெய்து எல்லாருக்கும் பதில் போடாதீர்கள்” என்று எல்லாருக்கும் பதில் போட்டார். அதை ஆமோதித்து ஒரு கூட்டம் எல்லாருக்கும் பதில் போட்டது. விடுப்பில் போயிருந்த ஒருவரின் பெட்டி, “நான் விடுப்பில் இருக்கிறேன்” என்று ஒவ்வொரு மெயிலுக்கும் தானாகவே அறிவித்துக்கொண்டிருந்தது. அந்த ஆளை நான் திட்டிய திட்டு அவர் போயிருந்த கொடைக்கானலுக்கே கேட்டிருக்கும்.

சர்வர் திணறியது. போகவேண்டிய மெயில்கள் பின்னால் தேங்கி நின்றன. அவற்றில் அரியர் எழுதுகிற பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டும் இருந்தது. அதாவது, அக்காவின் பிரிவு அனுப்பிய ஹால் டிக்கெட்டை அக்கா மகளின் கல்யாணமே மறித்துக்கொண்டு நின்றது. நான் அவசர அவசரமாக அந்த முகவரிக்கு யாரும் பதில் போட முடியாதபடி அடைத்தேன். அதற்குள் உள்ளே புகுந்தது புகுந்ததுதான்.

பதிவாளர் கூப்பிட்டார். நல்ல மனிதர், கறார். கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும். அன்றைக்குக் காதைக் கூர்மையாக்கிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

“அந்த மெயில் எந்தப் பெட்டியிலயும் இருக்கக் கூடாது. பத்திரிகை, பதில், எல்லாத்தையும் எடுத்துடுங்க. சாயங்காலத்துக்குள்ள. தவறுதலாக அனுப்பப்பட்டது, திரும்பப் பெறப்படுகிறதுன்னு ஒரு அறிவிப்பும் போட்டுடுங்க.”

“சரிங்க சார்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அக்கா மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

நேரே தேர்வுப் பிரிவுக்குப் போனேன். நறுக்கென்று நாலு கேட்டுவிட்டு வருவது என்று போனேன். அக்கா முகமெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

“வாடி வாடி. பாத்தியா, எத்தனை பேர் வரேன்னு சொல்லியிருக்காங்க! நானும் ஒவ்வொருத்தருக்கா கண்டிப்பா வாங்கன்னு போட்டுக்கிட்டே இருந்தேன். இப்ப என்னமோ போகவே மாட்டேங்குது.”

“ஒவ்வொருத்தருக்கு இல்லக்கா. ஒவ்வொரு தடவையும் எல்லாருக்கும் போட்டிருக்கீங்க. ஹால் டிக்கெட் எல்லாம் அப்படியே நிக்குது. பதிவாளர் அந்த மெயிலை எடுக்கச் சொல்லிட்டாரு.”

“எதை எடுக்கச் சொன்னாரு?”

“பத்திரிகையைத்தான். எல்லார் பெட்டியில இருந்தும்.”

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. “வச்ச பத்திரிகையைத் திரும்ப வாங்குறதா? கல்யாணம் நின்னுபோனாத்தானடி அப்படிச் செய்வாங்க” என்றார்.

அக்கா கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். “மாப்பிள்ளையோட தாய்மாமா நம்ம மெக்கானிக்கல்லதான் இருக்காரு. உனக்குத் தெரியாதுல்ல?”

தெரியாது. அக்கா சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. அந்த வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். நிச்சயதார்த்தத்தன்று தாம்பூலத் தட்டை முதலில் வேறு ஒரு பெரியவர் கையில் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக, மோர் ஊற்ற வருவதற்குள் இலையைவிட்டு எழுந்துபோனவர். சமாதானம் செய்வதற்குள் அக்காவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

“அவருக்கும் அந்த மெயில் போயிருக்கு. தவறுதலா அனுப்பப்பட்டது, திரும்பப் பெறப்படுகிறதுன்னு அவர் கண்ணுல பட்டா என்ன நினைப்பாரு? எம் பொண்ணு வாழ்க்கைடி. ஊருல அவ அப்பாவும் இல்ல. நான் யாருகிட்ட போய்ப் பேசுவேன்?”

சண்டை போடப் போனவள் அக்காவின் தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

என் அறைக்கு வந்து யோசித்தேன். தேங்கி நிற்பதற்குக் காரணம் பத்திரிகை இல்லை, பதில்கள்தான். பதில்களை மட்டும் எடுத்துவிட்டால் வழி கிடைத்துவிடும், பத்திரிகை பாட்டுக்கு அவரவர் பெட்டியில் இருக்கலாம். கேட்பதற்குச் சுலபம்தான். தலைப்பை வைத்துத் தேடினால் பத்திரிகையும் பதிலும் ஒன்றாகவே வந்தன. அக்கா அனுப்பியதை மட்டும் விட்டுவிடு என்றால், அக்கா போட்ட “கண்டிப்பா வாங்க”க்களும் தப்பித்தன. கடைசியில், முதல் பதில் வந்த நேரத்தைப் பார்த்து, அந்தத் தலைப்பில் அந்த நேரத்திலிருந்து வந்ததை எல்லாம் எடு என்று எழுதினேன். என் பெட்டியிலேயே முதலில் சோதித்தேன். பதில்கள் போய்விட்டன, மஞ்சள் மூலைகளோடு பத்திரிகை இருந்தது.

அந்த நேரத்தைத் தேடும்போதுதான் முதல் பதில் போட்டவர் யார் என்றும் தெரிந்தது. பதிவாளர். வருகிற வழியில் காரிலிருந்தே போட்டிருக்கிறார். “மனமார்ந்த வாழ்த்துகள். குடும்பத்துடன் அவசியம் வருகிறேன்.” எல்லாருக்கும். பதிவாளரே வாழ்த்திவிட்டார் என்று தெரிந்த பிறகு, அவருக்குக் கீழே இருக்கிற யார்தான் சும்மா இருப்பார்கள்? தானும் வாழ்த்தியது அவர் கண்ணில் பட வேண்டாமா? எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கு நானே சிரித்ததைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே போய்விட்டார்.

மறுபடி பதிவாளர் அறைக்குப் போனேன்.

“முடிஞ்சுதா?”

“பதிலை எல்லாம் எடுக்கத் தயாரா இருக்கு சார். ஹால் டிக்கெட் உடனே கிளம்பிடும். பத்திரிகையை மட்டும் விட்டுடலாமா சார்?”

“ஏன்? விதின்னா எல்லாருக்கும் விதிதானே.”

நிதானமாகப் பேச வேண்டும் என்றுதான் போயிருந்தேன். “சார், உங்க வீட்டுல யாராவது வச்ச பத்திரிகையைத் திரும்ப வாங்கியிருக்காங்களா? அதுவும் சம்மந்தி வீட்டு ஆளுகிட்ட இருந்து?” என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்த்தார். மாமாவைப் பற்றியும், மோர் ஊற்றுவதற்குள் எழுந்த கதையையும் சொன்னேன். பதிவாளர் பேனாவை மூடினார்.

“சரி, அது இருக்கட்டும். இதை ஆரம்பிச்சவரைச் சும்மா விடக் கூடாது. எல்லாருக்கும் முதல் பதில் போட்டது யாரு? மெமோ கொடுக்கணும்.”

நான் மேசையில் இருந்த அவர் போனைப் பார்த்தேன்.

“சொல்லுங்கம்மா. யாரா இருந்தாலும் பரவாயில்ல.”

“நீங்கதான் சார்.”

அவர் போனை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. “நான் அவங்களுக்கு மட்டும்னுல்ல நினைச்சேன்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பத்திரிகை இருக்கட்டும். அறிவிப்பும் வேண்டாம். என் பதிலை முதல்ல எடுங்க” என்றார்.

எடுத்தேன். ஒவ்வொரு பெட்டியாகப் பதில்கள் காலியாகிக்கொண்டே வந்தன, ஹால் டிக்கெட்டுகள் கிளம்பின. அழித்தவற்றுக்கு ஒரு பிரதி எங்களிடம் கொஞ்ச நாள் இருக்கும், அது விதி. மற்றபடி எல்லாம் சுத்தம். நானே என் முதுகில் தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அக்கா வந்து என் இரண்டு கன்னத்தையும் வழித்துத் திருஷ்டி கழித்தார். சாயங்கால ரயிலுக்குக் கிளம்பப் பையை எடுத்தேன்.

அப்போது கதவருகே நின்றவரைப் பார்த்து அக்கா என் கையை இறுகப் பிடித்தார். “மாமாடி” என்றார் காதோடு.

உயரமான மனிதர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் போன். முகத்தில் சிரிப்பு இல்லை.

“மெயில் பாத்துக்குறது நீங்கதானாம்மா?”

“ஆமா சார்.”

“பதில் எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாமே.”

அவரும் பதில் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரிகையைக் காப்பாற்றுகிற அவசரத்தில், மாப்பிள்ளை வீட்டுத் தாய்மாமனின் வார்த்தையை நானே அழித்திருக்கிறேன். அக்கா முன்னால் வந்து, “சம்மந்தி, அது வந்து, அலுவலக விதி…” என்று ஆரம்பித்தார்.

“அது தெரியும் சம்மந்தியம்மா. நானும் இங்கதானே வேலை பாக்குறேன்” என்றார். பிறகு என்னிடம், “அதெல்லாம் எனக்குத் திரும்ப வேணும்மா. சாயங்காலம் போய்த் தங்கச்சிக்குப் படிச்சுக் காட்டலாம்னு இருந்தேன்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அக்காவுக்கும் விளங்கவில்லை என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

“வீட்டுக்காரர் போனதுல இருந்து தனியாளா நின்னு பையனை வளர்த்தவ. ஒரு விசேஷம்னா யாரும் அவளைக் கூப்பிட மாட்டாங்க, அவளும் போக மாட்டா. கல்யாணம் பேசினதுல இருந்து ஒரே புலம்பல். நம்ம பக்கம் யாருண்ணே வருவா, பொண்ணு வீட்டு முன்னாடி காலி நாற்காலியாக் கிடக்குமேன்னு. அதான் எனக்கும் நிச்சயத்துல கொஞ்சம் முன்கோபம் வந்துடுச்சு.” அதைச் சொல்லும்போது அவர் அக்காவைப் பார்க்கவில்லை. “இன்னைக்கு மத்தியானம் போன் பண்ணி, உம் மகன் கல்யாணத்துக்கு ஒரு யுனிவர்சிட்டியே வருதுடின்னேன். சும்மா சொல்றீங்கன்னுட்டா. காட்டினாத்தான் நம்புவா.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காலையிலிருந்து அந்த மெயில்களை நான் சபித்த சாபம் கொஞ்சமா?

“எல்லாமே வேணுமா சார்? அதுல நிறைய குப்பை இருக்கு. பந்தி எத்தனை மணிக்குன்னு கேட்டிருக்கானுங்க. சண்டைகூட இருக்கு.”

“எல்லாம் இருக்கட்டும்மா. கல்யாணம்னா அதெல்லாமும்தானே.”

பையைக் கீழே வைத்தேன். அடுத்த ரயிலில் போய்க்கொள்ளலாம். பிரதியிலிருந்து எல்லாப் பதில்களையும் எடுத்து, அவர் பெட்டி ஒன்றுக்கு மட்டும் மறுபடி அனுப்பினேன். பதிவாளருடையதையும் சேர்த்துத்தான். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு அவர் சட்டைப் பையில் போன் ஒரு முறை அடித்தது. உடனே இன்னொரு முறை. பிறகு மூச்சுவிடாமல் அடிக்கத் தொடங்கியது.

“சத்தத்தை வேணா குறைச்சுக்கங்க சார், ரொம்ப நேரத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும்” என்றேன்.

“அடிக்கட்டும்மா” என்றார். அக்காவைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுக் கிளம்பினார். தாழ்வாரம் முழுக்க, படியிறங்கி வண்டி எடுக்கும் வரைக்கும், அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.